லாடம் இல்லாமல் நூறு மைல்: டெவிஸ் கப் நாட்குறிப்பு

புதன், ஆபர்ன்

சனிக்கிழமை விடியற்காலை 5:15 மணிக்கு டெவிஸ் கப் என்ற நெடுந்தூரக் குதிரைப் பந்தயம் தொடங்குகிறது. கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கம், டிரக்கி ஊருக்குத் தெற்கே உள்ள ராபி பார்க்கில் கிளம்பி, மலையைத் தாண்டி, பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி, இந்த ஆபர்ன் வரைக்கும் 100 மைல். அதாவது 160 கிலோமீட்டர். 24 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். வந்து சேர்ந்த பிறகும் கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். கால் நொண்டாமல், இன்னும் போகக்கூடிய நிலையில் குதிரை இருந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. பரிசான வெள்ளி பெல்ட் பக்கிள் அப்போதுதான் கையில் வரும். கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முடிக்கிறார்கள்.

ஓட்டப்போவது என் அக்கா. குதிரையின் பெயர் முல்லை. சாம்பல் நிற அரபுப் பெண்குதிரை, பதினோரு வயது. அவள் காலில் லாடம் கிடையாது. அந்த நான்கு குளம்புகளையும் அரம் பிடித்துப் பராமரிப்பது என் வேலை. அதனால் இந்தப் பதிவுகளில் மலையைவிடக் குளம்புதான் அதிகம் வரும்.

இந்தப் பாதையில் முதலில் ஒரே நாளில் வந்து காட்டியவர் ஆபர்னைச் சேர்ந்த வெண்டல் ராபி. 1955-ல் நண்பர்கள் சிலரோடு தாஹோ ஏரிப் பக்கமிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து இது நடக்கிறது. அமெரிக்காவில் இந்த வகை நெடுந்தூரப் பந்தயங்களை நிர்வகிக்கும் ஏஇஆர்சி சங்கம் 1972-ல் தொடங்கியது. அதன் அலுவலகமும் இதே ஊரில்தான். முடிப்பதே வெற்றி என்பது சங்கத்தின் வாசகம். எங்களுக்கு அது போதும். முதல் பத்து இடத்துக்கு வரும் எண்ணம் அக்காவுக்கு இல்லை.

குளம்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பந்தயங்களில் குதிரைகள் பாதியில் நிறுத்தப்படுவதற்கு முதல் காரணமே நொண்டல்தான். 1973-ல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை ராபின்சன் ஃபிளாட் சோதனைச் சாவடியில் நொண்டி வெளியேறியது. அடுத்த வருடம் அவர் குதிரையே இல்லாமல் வந்து, குதிரைகளோடு சேர்ந்து தன் சொந்தக் காலில் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்று உலகம் முழுக்க ஓட்டக்காரர்கள் கனவு காணும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம் பிறந்தது அப்படித்தான்.

முல்லை எங்களிடம் வந்தபோது லாடத்தோடுதான் வந்தாள். குதிகால்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிச் சுருங்கியிருந்தன. நடுவில் இருக்க வேண்டிய ஃப்ராக் என்ற ரப்பர் போன்ற முக்கோணப் பகுதி மெலிந்து, பிளவுக்குள் அழுகல் வாடை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குளம்பின் அடிப்பக்கத்தை மூடும் அடித்தோலின் தடிமன் பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. லாடத்தைக் கழற்றியதும் ஜல்லி ரோட்டில் ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து வைத்தாள். லாடத்தைக் கழற்றினால் குளம்பு தானாகத் தேறிவிடும் என்று நம்பி, அந்த நிலையிலேயே குதிரையை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. கால் வலிக்கிற குதிரை குதிகாலைத் தூக்கிக்கொண்டு முனையை முதலில் ஊன்றும். அப்படி நடந்தால் குதிகாலுக்குள் இருக்கிற மெத்தைத் திசுவுக்கும் குருத்தெலும்புக்கும் வேலையே இல்லை, அவை வளராது. குதிகால் முதலில் தரையைத் தொடும்படி, வலியில்லாமல் அவள் நடக்க வேண்டும். அதற்காக ஆரம்ப மாதங்களில் குளம்புக்கு மாட்டுகிற, உள்ளே மெத்தை வைத்த பூட் போட்டுத்தான் அவளை நடத்தினோம்.

குளம்பு மாதத்துக்கு எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர்தான் வளரும். மேலே மயிர்க் கோட்டில் இன்று முளைப்பது முனையில் தரையைத் தொட ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகிவிடும். அதனால் சனிக்கிழமை முல்லை எந்தக் குளம்போடு நிற்கிறாளோ, அது போன கோடையிலேயே முளைக்க ஆரம்பித்தது. இந்த வாரத்தில் நான் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்.

வியாழன், ஆபர்ன்

இன்று பூட் ஒட்டும் நாள். விடியும் முன்பே ஆரம்பித்தோம், ஏனென்றால் வெயில் ஏற ஏறப் பசை வேகமாக இறுகும். கை ஒரு நொடி பிசகினாலும் பூட் கோணலாக நின்றுவிடும்.

லாடம் இல்லாத குதிரைக்கு எதற்கு பூட் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில், மேய்ச்சலில், வார நாள் பயிற்சியில் முல்லை வெறுங்காலோடு போகிறாள். ஆனால் டெவிஸ் பாதையில் கருங்கல்லும் எரிமலைப் பாறையும் மைல்கணக்கில் வரும். 160 கிலோமீட்டரில் ஒவ்வொரு குளம்பும் ஐம்பதாயிரம் தடவைக்கு மேல் தரையில் விழுகிறது. குளம்பு ஒரு நாளில் தேய்வதற்கும் ஒரு நாளில் வளர்வதற்கும் இங்கே எந்தப் பொருத்தமும் இல்லை. வெறுங்கால் என்ற கொள்கைக்காக முல்லையின் காலை நான் பணயம் வைக்க மாட்டேன். பூட்டைக் கழற்றினால் உள்ளே ஆரோக்கியமான குளம்பு இருக்க வேண்டும். எங்கள் கொள்கை அவ்வளவுதான். இதை எங்களுக்கு முன்பே பலர் செய்து காட்டிவிட்டார்கள். 2012-ல் கேரட் ஃபோர்டு தி ஃப்யூரி என்ற குதிரையில் டெவிஸ் கப்பை வென்றபோது அதன் காலில் இருந்தது இரும்பு இல்லை, ஒட்டிய பூட்தான்.

அரம் பிடிக்கிற வேலையைப் போன வாரமே முடித்துவிட்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள் குளம்பை வெட்டுவது எனக்குப் பிடிக்காது. குதிரைக்குப் புது அளவு பழகச் சில நாள் வேண்டும். அடித்தோலில் நான் கத்தியே வைப்பதில்லை. குளம்பைச் சுற்றி நிற்கும் சுவரின் விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாக உருட்டிவிடுகிறேன். முனை நீண்டால் காலைத் தூக்கும்போது இழுப்பு அதிகமாகி, மேலே தசைநார் வரைக்கும் அந்த இழுப்பு போகும். சாதாரண நாட்களில் நாலைந்து வாரத்துக்கு ஒரு தடவை அரம் பிடித்தால் போதும். பயிற்சி உச்சத்தில் இருக்கும்போது ஜல்லி ரோடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

ஒட்டுகிற முறை இது. முதலில் குளம்புச் சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மண் போக்குகிறோம். பிறகு அரத்தால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். பளபளப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பசை பிடிக்காது. அப்புறம் சூடான காற்றடிக்கும் துப்பாக்கியால் ஈரத்தை ஓட்டுகிறோம். குளம்பு நாம் நினைப்பதைவிட அதிக ஈரம் வைத்திருக்கும், சூடு பட்டதும் ஆவி மேலே வருவது கண்ணுக்கே தெரியும். அந்த நேரத்திலிருந்து சுவரை வெறும் விரலால் தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப் பிசுக்கே போதும் ஒட்டைக் கெடுக்க. பூட்டின் அடிக்கு மெத்தையாக நிற்கும் மிருதுவான பசை, சுவருக்குச் சீக்கிரம் இறுகும் இன்னொரு பசை. இரண்டையும் இட்டு, பூட்டைக் குளம்பில் ஏற்றி, சுத்தியலால் முனையில் தட்டி உட்காரவைத்துவிட்டுக் காலைக் கீழே வைக்க வேண்டும். பசை இறுகும்வரை குதிரை நகரக் கூடாது. மறுபக்கத்துக் காலை அக்கா தூக்கிப் பிடித்துக்கொள்வார். அப்போது முல்லையின் எடை ஒட்டுகிற காலில் நின்றே ஆக வேண்டும். கடைசியாகப் பூட்டின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு வரி பசை, மணல் உள்ளே போகாமல் இருக்க.

நான்கு காலும் முடிய வெயில் வந்துவிட்டது. இடது பின்னங்கால் மட்டும் ஒட்டும் நேரத்தில் கொஞ்சம் அசைந்தது. விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன், இடைவெளி எதுவும் தெரியவில்லை.

உணவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெறுங்கால் குதிரை வைத்திருக்க விரும்புகிறவர்கள் அரத்தை வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தீனித் தொட்டியைத்தான். தீனியில் சர்க்கரையும் மாவுச்சத்தும் ஏறினால், குளம்புச் சுவரையும் உள்ளே எலும்பையும் இணைக்கும் அடுக்குகள் வீங்கும். முழு நோயாக வெடிக்காவிட்டாலும், சுவரும் அடித்தோலும் சேரும் இடத்திலுள்ள வெள்ளைக் கோடு அகலமாகும், கல்லில் கால் கூசும். குதிரைக்குக் கூச்சம், காரணம் அரம் பிடித்தவர் என்று பழி வரும். உண்மையான காரணம் வசந்த காலப் பச்சைப்புல்லாக இருக்கும். முல்லைக்குத் தானியம் இல்லை. உலர்புல்லை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தருகிறோம். உழைப்புக்கு வேண்டிய சக்தி சர்க்கரை நீக்கிய பீட் சக்கையிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வருகிறது. புல்லில் இரும்புச் சத்து தேவைக்கு அதிகமாகவே இருக்கும். அதைச் சமன் செய்யக் காப்பரும் ஸிங்க்கும் தனியாகச் சேர்க்கிறோம், ஒன்றுக்கு மூன்று என்ற அளவில். இதைத் தொடங்கிய பிறகு வளர்ந்த சுவரில் பழைய வெடிப்புகள் இல்லை. மேலிருந்து கீழே இறங்கி வந்த அந்தக் கோட்டை மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெள்ளி, ராபி பார்க்

காலையில் டிரெய்லரோடு நெடுஞ்சாலை 80 வழியாக மலையேறினோம். ஆபர்ன் 1,200 அடி உயரம். ராபி பார்க் சுமார் 7,000. பைன் மரங்கள், பவுடராகத் தூசி, எங்கே பார்த்தாலும் டிரெய்லர்.

மதியம் மருத்துவப் பரிசோதனை. நாடி, ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம், குடல் சத்தம், தோலின் இறுக்கம், முதுகு, கடைசியாக நேர்கோட்டில் ஓட்டம். முல்லை தளர்ந்த கயிற்றில் அக்கா பக்கத்தில் ஓடியதைப் பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் முதலில் விழுகிறது, நான்கு காலிலும். சரி. பின்புறத்தில் மெழுகுச் சாக்கால் எண் எழுதினார்கள்.

லாடம் அடிக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் முகாமுக்கு வந்து முல்லையின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பூட் இருப்பதால் அடிப்பக்கம் தெரியாது. அவர் பார்த்தது பின்னால் குதிகால் மேடுகளின் அகலத்தை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது வேலை செய்த கால் என்றார். அவர் இரும்பு லாடத்தையே நம்புகிறவர். அவர் லாடம் அடித்த குதிரைகள் இந்த மலையைப் பலமுறை தாண்டியிருக்கின்றன. நல்ல கையால் அடித்த லாடத்தோடு, ஆரோக்கியமான குளம்போடு வரும் குதிரைகளும் இங்கே ஏராளம். அவரோடு பேசியதில் நான் கற்றுக்கொண்டது நிறைய, முக்கியமாக முனை நீளத்தைப் பற்றி.

அக்கா சீக்கிரம் தூங்கப் போய்விட்டார். நாளைக்கு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: கூகர் ராக் மேலே ஏறாமல் பக்கத்துப் பாதையில் போக வேண்டும். அந்தப் பாறை மேல் எடுக்கும் புகைப்படம் டெவிஸின் அடையாளம் என்று எனக்கும் தெரியும். படத்துக்காக ஒரு காலை இழக்க வேண்டாம்.

சனி, வழியெல்லாம்

காலை. இருட்டிலும் தூசியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் கிளம்பிப் போய்விட்டன. முல்லை நிதானமாகத்தான் போனாள். உதவிக்கு வந்தவர்களுக்கு உடனே அடுத்த வேலை: டிரெய்லரை மலையிலிருந்து இறக்கி ஆபர்ன் வழியாகச் சுற்றி, ஃபாரஸ்ட்ஹில் தாண்டி ராபின்சன் ஃபிளாட் போக வேண்டும். அவர்கள் மலையை நேராகத் தாண்டுகிறார்கள், நாங்கள் சுற்றிக்கொண்டு ஓடுகிறோம்.

இந்த நேரத்தில் அவர்கள் எமிக்ரண்ட் பாஸில் இருப்பார்கள், 8,700 அடிக்கு மேல். அங்கிருந்து கிரானைட் சீஃப் வனப்பகுதி. பாறைக்கும் பாறைக்கும் நடுவே சேறு. பூட்டுக்கு இந்த முழுப் பாதையிலும் மோசமான இடம் அதுதான். சேறு குளம்பை உறிஞ்சிப் பிடித்திருக்கும்போது குதிரை காலை முறுக்கி இழுக்கும். கல் இடுக்கும் சேர்ந்துகொண்டால் எந்த ஒட்டும் ஆட்டம் காணும்.

ராபின்சன் ஃபிளாட், பகல். 36 மைல் முடிந்தது. அக்கா இறங்கி நடந்து வருவது தூரத்திலேயே தெரிந்தது. பார்த்ததும் என் கண் காலுக்குத்தான் போனது. இடது பின்னங்காலில் பூட் இல்லை.

"சேத்துல போயிடுச்சு. எங்கன்னுகூடத் தெரியல. ரெட் ஸ்டார்ல கீழ பாக்கறப்பதான் கவனிச்சேன்," என்றார் அக்கா.

"நொண்டுச்சா?"

"இல்லடா. ஒரு தடவைகூட இல்ல."

எத்தனையோ மைல் அந்த ஒரு கால் வெறுமையாகக் கருங்கல்லில் வந்திருக்கிறது. ரெட் ஸ்டார் ரிட்ஜ் மருத்துவரும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார். இங்கே நாடி 56-க்கு இறங்கியது. மருத்துவர் 125 அடி ஓடிப்போய்த் திரும்பி வரச் சொல்லி, ஓட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி நாடியை எண்ணினார். அதே 56. முதல் எண்ணைவிட இரண்டாவது ஏறினால் குதிரை களைத்திருக்கிறது, அல்லது எங்கோ வலிக்கிறது என்று அர்த்தம். நடையில் குறை எதுவும் எழுதவில்லை.

ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு. முல்லை ஈரச் சக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். உருட்டிவிட்ட விளிம்பு இன்னும் உருண்டே இருந்தது. வெளிப்பக்கம் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடித்தோலில் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்தினேன், காலை இழுக்கவில்லை. சூடு மற்றப் பின்னங்காலின் அளவுதான். கல் அடித்த சிவப்போ வெளுத்த திட்டோ இல்லை. இவ்வளவு மாதம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பதினைந்து மில்லிமீட்டர் அடித்தோல் இன்று தன் வேலையைச் செய்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்து என்ன என்பதுதான் கேள்வி. புதிதாக ஒட்டலாமா? குளம்பு முழுக்க ஈரம், தூசி. சாப்பிட வேண்டிய குதிரையை அசையாமல் நிறுத்த வேண்டும். அவசரத்தில் ஒட்டியது பள்ளத்தாக்கில் பாதி கழன்று தொங்கினால் காலைத் தடுக்கும், அது இல்லாததைவிட ஆபத்து. அப்படியே வெறுங்காலோடு அனுப்பலாமா? பின்னங்கால் என்பதால் சுமை குறைவு. நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான். ஆனால் முன்னால் இருப்பது இரண்டு பெரிய இறக்கங்கள், கூரான ஜல்லி. சேணத்தில் கட்டி வைத்திருந்த பட்டை வைத்த பூட்டையே போட்டோம். நாள் முழுக்கத் தூசியில் ஓடினால் பட்டை தோலை உரசும் என்று தெரியும். தோல் உரசலை ஒரு வாரத்தில் ஆற்றிவிடலாம். உள்ளே கல் அடித்துச் சீழ் வைத்தால் மாதக்கணக்கு. அதனால் பட்டைதான்.

ஃபாரஸ்ட்ஹில், மாலை. காத்திருக்கிறேன். இப்போது அவர்கள் பள்ளத்தாக்குகளில் இருப்பார்கள். லாஸ்ட் சான்ஸ், டெட்வுட், மிச்சிகன் பிளஃப்: எல்லாம் 1849 தங்க வேட்டைக்குப் பிறகு முளைத்த பழைய சுரங்க ஊர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு 1850-களில் மிச்சிகன் பிளஃபில் கடை வைத்திருந்தார். லாஸ்ட் சான்ஸிலிருந்து ஆற்றுக்குச் செங்குத்தாக இறங்கி, டெட்வுட்டுக்கு அதே செங்குத்தில் ஏறி, மறுபடி எல் டொராடோ ஓடை வரை இறங்கி ஏற வேண்டும். அடியில் காற்றே இருக்காது; வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இந்தப் பந்தயத்தில் மொத்த ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம். குளம்புக்கு ஏற்றம் பிரச்சினையே இல்லை. இறக்கத்தில்தான் முன்னங்கால் முனை ஒவ்வொரு அடியிலும் தரையைப் பிரேக் பிடிக்கிறது, அதனால்தான் அக்கா செங்குத்து இறக்கங்களில் சேணத்திலிருந்து இறங்கி முல்லையின் முன்னால் நடந்தே போவார். அதற்காகவே பல மாதம் மலை ஏறி இறங்கிப் பழகியிருக்கிறார்.

இரவு. இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள், 68 மைல். பட்டை பூட் போட்ட காலில், குதிகால் மேட்டில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்திருக்கிறது. நடையில் முதல் தர மதிப்பெண், குடல் சத்தம் மட்டும் கொஞ்சம் மந்தம். மருத்துவர் அனுமதித்துவிட்டார். சாப்பிட்டதும் குடலும் பேச ஆரம்பித்தது.

பூட்டைக் கழற்றிவிட்டேன். இங்கிருந்து ஆற்றங்கரை வரைக்கும் பெரும்பாலும் மண்பாதை. கடைசி 32 மைல் அந்தக் கால் வெறுங்காலாகப் போகட்டும். முன்பு பகலில் மறுத்ததை இரவில் ஒப்புக்கொண்டது தரை மாறியதால். சிவந்த இடத்தில் களிம்பு தடவி, பட்டை பூட்டைத் துடைத்துச் சேணத்திலேயே கட்டிவிட்டேன், எங்கேயாவது கூசினால் போட்டுக்கொள்ள. அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போனார்.

ஞாயிறு, ஆபர்ன்

விடியற்காலை நான்கு மணி தாண்டி வந்தார்கள். மைதானத்தில் ஒரு சுற்று, பிறகு மருத்துவர். இருபது மணி நேரத்துக்கு மேல் சேணத்தில் இருந்த அக்காவின் கால்கள் ஓட மறுத்தன, முல்லைதான் அவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். போகும்போதும் திரும்பும்போதும் தலை ஆடவில்லை. தலை மேலும் கீழும் ஆடினால்தான் முன்னங்காலில் வலி; பின்னங்காலில் என்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். இரண்டும் இல்லை. முடித்ததாக எழுதி மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

பாவர்ட்டி பாரில் ஆற்றைக் கடந்த இடத்தை அக்கா சொன்னார். தண்ணீருக்குள் ஒளிரும் குச்சிகளை வரிசையாகக் கட்டி வழி காட்டியிருந்தார்கள், மேலே நிலா. லோயர் குவாரிப் பக்கம் ஜல்லி ரோட்டில் மட்டும் முல்லை வேகத்தைக் குறைத்திருக்கிறாள்.

"ஓரத்து மண்ணுல அவளாவே போனா. நான் கயித்த விட்டுட்டேன்," என்றார் அக்கா.

வெறுங்காலில் பழகிய குதிரைக்குத் தரை தெரியும். எந்தக் கல்லை மிதிக்கலாம், எதைத் தாண்டலாம் என்று அவளே தேர்ந்தெடுக்கிறாள். பூட்டோ லாடமோ போட்ட காலில் அந்த உணர்வு குறைந்துவிடுகிறது. பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஒரு காலில் மட்டுமாவது அவளுக்கு அது கிடைத்திருந்தது.

காலை பத்து மணிக்கு ஹேகின் கப் தேர்வு. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளில், வந்த மறுநாள் யார் மிகச் சிறந்த நிலையில் இருக்கிறார்களோ அவர்களுக்கு. எனக்கு டெவிஸ் கப்பைவிட இந்தக் கோப்பை மேல் மரியாதை அதிகம். இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்து பத்துக் குதிரைகள் நடந்ததைப் பார்த்தேன். நான் கவனித்தது ஒன்றை மட்டும்: நன்றாக நடந்த எல்லாக் குதிரைக்கும் குதிகால் அகலமாக இருந்தது.

பிற்பகலில் அக்கா பக்கிளை வாங்கிக்கொண்டார். பிறகு இருவரும் தூங்கிவிட்டோம்.

திங்கள், ஆபர்ன்

பூட்டைக் கழற்றும் வேலை இன்று. ஒட்டிய பூட்டை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. உள்ளே காற்றில்லாமல், ஈரத்தில் ஃப்ராக் அழுக ஆரம்பிக்கும். மேல் விளிம்பிலிருந்து தட்டையான திருப்புளியைச் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சுற்றி வந்தால் பசை விடும். சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடாமல் இருக்கப் பொறுமை வேண்டும். ஒரு காலுக்கே நிறைய நேரம் ஆனது.

உள்ளே இருந்தது வெளிறிய, மிருதுவான அடித்தோல், மாவாக உதிரும் பழைய செதில்கள். வாடை இல்லை. வலது முன்னங்காலில் மட்டும் முனைக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக ஒரு கறை. புதிதாக வந்ததாகத் தெரியவில்லை. சில வாரத்துக்கு முந்தைய அடி கீழே வளர்ந்து வந்ததாக இருக்கலாம். அழுத்தினால் வலிக்கவில்லை. கறை தேய்ந்து போகும்வரை அந்தக் காலைக் கவனிக்க வேண்டும்.

வெறுங்காலாக வந்த இடது பின்னங்கால்தான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. அடித்தோல் கெட்டியாக, வழவழப்பாக. முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது, வலது பின்னங்காலோடு ஒப்பிட்டால் தெரிகிறது. உயரம் வித்தியாசமாக இருப்பதால் வலதுகாலின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் இறக்கிவிட்டேன். இல்லாவிட்டால் இடுப்பு கோணும். குதிகால் மேட்டுச் சிவப்பில் பொருக்கு கட்டியிருக்கிறது.

இனி நாலு வாரம் சேணம் கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உருண்டைக் கூழாங்கல் கொட்டி வைத்திருக்கிறோம். குடிக்க வரும்போதெல்லாம் அதில் நின்றால் அடித்தோல் தானாக இறுகும். எண்ணெயைக் குறைக்க வேண்டும், தாதுக்களை அப்படியே தொடர வேண்டும். பத்து நாள் கழித்து அரம்.

இலையுதிர் காலத்தில் 50 மைல் பந்தயம் ஒன்றுக்கு அக்கா இப்போதே பெயர் கொடுக்கத் துடிக்கிறார். அங்கே பெரும்பாலும் மணலும் மண்ணும்தான். பின்னங்கால் இரண்டையும் வெறுமையாகவே விடலாமா என்று டிரெய்லரைப் பூட்டும்போது கேட்டார். வலது முன்னங்கால் கறையைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பந்தயத்துக்கும் பதில் சொல்வேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, முல்லையின் நீர் வாளியை எடுத்து வண்டியில் வைத்தார்.